அட்மாஸ்பியரை எடுத்துட்டோம், ஸாரி

எனக்கு இங்கிலீஷ் தெரியும்னு நான் யார்கிட்டயும் சொன்னதே கிடையாது. அவங்களா முடிவு பண்ணிக்கினாங்க. நான் வாயை மூடிக்கினு இருந்தேன், அது ஒரு குத்தமா?

நடந்தது இதுதான். நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ், இங்கிலீஷ்ல. எம்.கே.பி. நகர் இன்ஸ்டிட்யூட்ல ரெண்டு வருஷம் மெஷினைப் போட்டு அடிச்சதுல, எந்த இங்கிலீஷ் பேப்பரைக் குடுத்தாலும் விரல் தானா ஓடும், வாய் தானா படிக்கும். அர்த்தம்ங்கிறது வேற டிபார்ட்மெண்ட், அங்க எனக்கு ஆள் கிடையாது. இன்டர்வியூல முதலாளி ஒரு இங்கிலீஷ் பேப்பரை நீட்டி "வாசிம்மா"ன்னாரு. ஏதோ வட்டி, பேங்க்குன்னு போச்சு. மூச்சு விடாம ஒரு பத்தி படிச்சேன். கடைசி வரியில உச்சு கொட்டி லேசா தலையை ஆட்டினேன், நாட்டு நெலமை ரொம்ப மோசம்ங்கிற மாதிரி. நாளையிலிருந்து வரச் சொல்லிட்டாரு.

ஆபீஸ் சாத்தாங்காட்டுல, ஒரு இரும்பு குடோனுக்கு மேல. கீழ கிரேன்ல தகடு இறக்குவாங்க, மேல எங்க மானிட்டரெல்லாம் குதிக்கும். முதலாளி தெற்கத்திக்காரரு. குடும்பமே இரும்பு யாவாரம். வெளிநாட்டுல இருந்த அவரு மச்சான் யாரோ, வீடியோ கேம்ல ஆகுற காசு இரும்புல ஆகாதுன்னு காதுல ஓதியிருக்காரு. உடனே ஆறு கம்ப்யூட்டர், ஒரு ஏ.சி. வாங்கிப் போட்டு, ஏ.சி. பக்கத்துல சாமி படமும் மாட்டியாச்சு. கம்பெனி ரெடி.

ஆறு மாசம் ப்ரொபேஷன். அதுக்கப்புறம் கன்ஃபர்ம் பண்ணா பி.எஃப். உண்டு, லீவு உண்டு. எனக்கு அது இல்லாம ஆகாது. எங்க நைனாவுக்கு லோடு இறக்கும்போது கால்ல இரும்பு விழுந்து, வூட்ல உக்காந்துட்டாரு. தம்பி படிச்சிக்கினு இருந்தான். வூட்ல சம்பளம்னு வந்தது என்னுது ஒண்ணுதான். அதனால எங்களுக்கு வேலை குடுக்கிற வெள்ளைக்காரன்கிட்டேர்ந்து வர்ற ஒவ்வொரு மெயிலையும் நான் எழுந்து நின்னு கணீர்னு படிச்சு, "அதாவது சார்"னு ஆரம்பிச்சு ஒரு அர்த்தம் சொல்லுவேன். பாதி யூகம், பாதி தைரியம். மூணு மாசம் அப்படியே ஓடிச்சு. ஓடினதுதான் தப்பாப் போச்சு, எனக்கே என் இங்கிலீஷ் மேல நம்பிக்கை வந்துடுச்சு.

அப்போதான் அந்த விண்வெளி கேம் வந்துச்சு. வெளிநாட்டுக் கம்பெனி கேம்தான், அதுல ஒரே ஒரு கிரகத்துக்கு மட்டும் வானமும் தரையும் நாங்க போட்டுத் தரணும். கேமோட கதை என்னன்னா, கதையே கிடையாது. ஒரு ஆளு ஒத்தையா ஒரு சின்னக் கப்பல்ல கிளம்புவான். போவான். போய்க்கினே இருப்பான். செத்துப் போன கிரகத்துல இறங்கி நடப்பான், நின்னு பார்ப்பான், திரும்ப ஏறிப் போவான். துப்பாக்கி இல்ல, எதிரி இல்ல, பாயிண்ட்டும் இல்ல. எங்க நைனாகிட்ட இதைச் சொன்னப்போ ரொம்ப நேரம் யோசிச்சாரு. அவரு வியாசர்பாடி ஃபுட்பால் பார்த்து வளந்தவரு. "கோல் போஸ்ட்டே இல்லாத கிரவுண்டுல ஒருத்தன் மட்டும் பந்து இல்லாம ஓடிக்கினு கீறான், அதைக் காசு குடுத்துப் பாக்கப் போறானுங்களா?"ன்னாரு. அந்த கேமுக்கு வந்த மொத விமர்சனம் அதுதான். எழுத வேண்டிய இடத்துல யாரும் எழுதல.

தரையும் வானமும் போட்டவன் ஒரு எண்ணூர்க்காரன். என் வயசுதான் இருக்கும். அதுக்கு முன்னாடி லாரிக்கு நம்பரும் பின்னாடி ரோஜாப்பூவும் எழுதிக்கினு இருந்தவன். கிரகத்துக்குப் படம் ஒட்டுறதை நாங்க ஆபீஸ்ல "தோல் போடறது"ம்போம். அவன் தோல் தேடி எங்கயும் போகல. கேமரா எடுத்துக்கினு கீழ குடோனுக்கு எறங்கினான். மழையில கெடந்து துருப்பிடிச்ச தகடு, செதில் செதிலா உரிஞ்ச கம்பி, எண்ணெய் ஊறின மண்ணு, எல்லாத்தையும் போட்டோ புடிச்சாந்து, அதையே மலையா பள்ளமா ஆக்கிட்டான். கிரகத்துக்குத் தரை ரெடி. முதலாளி பார்த்துட்டு, "லேய், இது நம்ம பழைய ஸ்டாக்குல்லா"ன்னு அசந்து போய்ட்டாரு.

வானம்தான் அவனைப் படுத்தி எடுத்துச்சு. இருவது நாளு. தெனம் காலையில ஆபீஸ் வர்றதுக்கு முன்னாடி எண்ணூர் ஆத்துப் பாலத்து மேல நின்னு, பவர் ஹவுஸ் புகைக்குழாய்ங்க பக்கம் திரும்பி ஆகாசத்தைப் போட்டோ எடுத்துக்கினு வருவான். அந்தப் பக்கத்து ஆகாசம் நீலமா இருக்கணும்னு எந்தக் கட்டாயமும் கிடையாது. டீ வடிகட்டுற துணி கலரு, சில நாளு மஞ்ச, சாயங்காலம் ஆனா ஒரு செவப்பு. அதை அடுக்கு அடுக்கா போட்டு, நடுவுல புகையை நகர வுட்டான்.

"இன்னாப்பா, வானத்துல சாம்பாரைக் கொட்டிட்டியா?"ன்னு கலாய்ச்சேன்.

"உனுக்கு இன்னா தெரியும் மேடமு? எங்க வூட்டு மொட்ட மாடில வந்து பாரு, இதே கலரு"ன்னான். எனக்கு ஆபீஸ்ல அவன் வெச்ச பேரு மேடமு. இங்கிலீஷ் தெரிஞ்ச மேடமு.

ஆனா கலாய்ச்சுட்டு நான் அங்கயே நின்னுட்டேன். அந்தக் கிரகத்துல அந்த ஆளு தனியா நடக்கிறான், மேல அந்த வானம் மெதுவா நகருது, என் சீட்டுக்குத் திரும்பிப் போக மனசு வரல. ஏன்னு தெரியல. நல்லா இருக்குன்னு அவன்கிட்டச் சொல்லியிருக்கலாம். சொல்லல. நம்ம பக்கம்தான் ஒருத்தனை நேரா பாராட்டினா நாக்கு அழுகிடுமே.

வேலையை அனுப்பி ஒரு மாசம் கழிச்சு அவங்ககிட்டேர்ந்து ஒரு மெயில். கேம் இன்னும் கடைக்கு வரல, ஆனா அங்க ஒரு பத்திரிகைக்காரன் முன்னாடியே ஆடிப் பார்த்து எழுதியிருக்கானாம், அதை ஒட்டி அனுப்பியிருந்தாங்க. பிரிண்ட் எடுத்தா நாலு பக்கம். ஆபீஸ் பசங்க எல்லாரும் என்னைச் சுத்தி நின்னாங்க. முதலாளி கீழேர்ந்து மேல ஏறி வந்துட்டாரு, கைல துருவோட.

நான் எழுந்து நின்னு படிச்சேன். நானே சொல்லிக்கக்கூடாது, ரொம்ப நல்லா படிச்சேன். படிக்கப் படிக்க ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வந்துச்சு. அட்மாஸ்பியர். எங்க கிரகத்தைப் பத்தி மட்டுமே அஞ்சு எடத்துல. அட்மாஸ்பியர் திக்கா இருக்காம். அட்மாஸ்பியர் சஃபொகேட்டிங்காம். கத்தியால வெட்டலாமாம்.

"என்னம்மா சொல்லுதான்? நல்லாருக்குங்கானா, இல்லங்கானா?" முதலாளி கேட்டாரு.

"ஒரு நிமிஷம் சார்"னுட்டு டிக்‌ஷனரியை எடுத்தேன். நான் ஒண்ணும் பொறுப்பில்லாதவ இல்ல. அட்மாஸ்பியர்: வளிமண்டலம், காற்று மண்டலம். மூடி வெச்சேன். சஃபொகேட்: மூச்சுத் திணறு. சரியாப் போச்சு.

"அதாவது சார், நம்ம கிரகத்துல காத்து ரொம்பக் கெட்டியா இருக்காம். மூச்சு முட்டுதாம் அவனுக்கு. கத்தி வெச்சு வெட்டித்தான் நடக்கணும்கிறான்."

அப்புறம், எங்க ஆபீஸ்ல பி.எஸ்சி. பிசிக்ஸ் ஒருத்தன் இருந்தான், மகராசன், அவன் வாயைத் திறந்தான். மொத மொத அவங்க அனுப்பின பேப்பர்லயே இந்தக் கிரகத்துல காத்து இல்லைன்னுதான போட்டிருக்கு, காத்து இல்லாத எடத்துல புகை எப்படி நகரும், அதான் கண்டுபுடிச்சிட்டானுங்கன்னான். எனக்கு அவன் கால்ல விழுந்து கும்பிடலாம் போல இருந்துச்சு. என் இங்கிலீஷுக்கு சயின்ஸே சாட்சி சொல்லிடுச்சே! முதலாளி எண்ணூர்க்காரன் பக்கம் திரும்பி, "ஏம்ல, காத்தில்லாத ஊருக்குப் புகைய யாம்ல போட்ட?"ன்னாரு.

அவன் தலையைச் சொறிஞ்சான். "அழகா இருந்துச்சு சார்"னான். நான் கைல வெச்சிருந்த நாலு பக்கத்தை மட்டும் கேட்டு வாங்கி, நாலா மடிச்சு சட்டைப் பாக்கெட்ல வெச்சிக்கினான்.

மூணு நாள்ல வானத்தைக் கழுவியாச்சு. புகை போச்சு, மஞ்ச போச்சு. கறுப்பு வானம், பளிச்சுன்னு நட்சத்திரம், வெள்ளியடிச்ச மாதிரி. கம்ப்யூட்டர்ல எடம் பத்தாதுன்னு பழைய ஃபைல் மேலயே புதுசை ஏத்திடுறது எங்க வழக்கம். ஏத்திட்டான். ஏத்தும்போது அவன் மூஞ்சியை நான் பார்க்கல, நான் மெயில் டைப் பண்ற மும்முரத்துல இருந்தேன். அந்த மெயில் இன்னும் எனக்கு எழுத்து மாறாம ஞாபகம் இருக்கு. டியர் சார், வீ ஹேவ் ரிமூவ்ட் தி அட்மாஸ்பியர் கம்ப்ளீட்லி. ஸாரி ஃபார் தி இன்கன்வீனியன்ஸ். ஒரு ஸ்பெல்லிங் தப்பு கிடையாது.

அந்த வெள்ளைக்காரனும் என்னை மாதிரியே ஒருத்தனா இருந்திருக்கணும். ஏதோ டெக்னிக்கலா சொல்றாங்கன்னு நெனச்சிருப்பான். தேங்க்ஸ்னு ஒரு வரி வந்துச்சு. புது வானத்தை அப்படியே போட்டு கேமைக் கடைக்கு அனுப்பிட்டானுங்க.

ஆறாவது மாசம், என் ப்ரொபேஷன் முடியப் போற வாரம், விமர்சனமெல்லாம் வர ஆரம்பிச்சுது. பத்துக்கு ஏழு, பத்துக்கு ஆறு. அந்த ஊரு விமர்சகனுங்க இருக்கானுங்களே, அவனுங்க பவுசே தனி. ஒருத்தன் எழுதறான், இந்த கேம்ல தனிமை பத்தலைன்னு. வா ராஜா, வியாசர்பாடி ஹவுசிங் போர்டுல ஒரு ரூம்ல அஞ்சு பேரா படுத்துப் பாரு, தனிமை எவ்ளோ பத்தலைன்னு தெரியும். இன்னொருத்தன் நடக்குறது ரொம்ப மெதுவா இருக்குன்னான். மூணாவது ஒருத்தன், ஒரு வரி எழுதியிருந்தான். கேமோட மியூசிக்ல இருக்கிற அட்மாஸ்பியர் அந்தக் கிரகத்துல இல்லையாம்.

எனக்கு அங்க சுருக்குன்னுச்சு. மியூசிக்ல எப்படிக் காத்து இருக்கும்? பாட்டுக்கு ஏது வளிமண்டலம்?

எல்லாரும் சாப்பிடப் போனதுக்கப்புறம் டிக்‌ஷனரியைத் திறந்தேன். அன்னைக்கு மொத வரியோட மூடினேன் இல்ல, அதுக்குக் கீழ இன்னும் ரெண்டு வரி இருந்துச்சு. ஒரு இடத்தில் நிலவும் உணர்வு, சூழ்நிலையின் மனநிலை. பழைய மெயிலைத் தேடி எடுத்து, அந்த நாலு பக்கத்தையும் வார்த்தை வார்த்தையா, டிக்‌ஷனரியில கடைசி வரி வரைக்கும் பார்த்து, படிச்சேன். என் ஆயுசுல நான் ஒழுங்கா படிச்ச மொத இங்கிலீஷ் அதுதான்.

அந்த ஆளு எங்க கிரகத்துல எறங்கினதும் ஆடறதையே நிறுத்திட்டானாம். பத்து நிமிஷம் சும்மா நின்னு வானத்தையே பார்த்தானாம். மனுஷக் கண்ணு எதுவும் பார்த்திருக்க முடியாத வானம்னு எழுதியிருந்தான். பாவம், எண்ணூர் பஸ்ல ஒரு தடவை ஏறியிருந்தா புளிமூட்டை மாதிரி அம்பது அறுவது பேரு தெனம் பார்க்கிறது தெரிஞ்சிருக்கும். யாரு செஞ்சதுன்னு தெரியல, ஆனா அவனை நான் தெரிஞ்சுக்கணும், இந்த கேமே அந்த ஒரு வானத்துக்காகத்தான்னு முடிச்சிருந்தான்.

சாப்பாட்டு டப்பா தொறந்தது தொறந்தபடி கெடந்துச்சு. எழுந்து போய்ச் சொல்லியிருக்கணும். முதலாளி, எனக்கு இங்கிலீஷ் தெரியாது, நான்தான் அவன் வானத்தைக் கொன்னேன்னு சொல்லியிருக்கணும். வாசல் வரைக்கும் போனேன். நைனா காலு கண்ணு முன்னாடி வந்துச்சு. இதெல்லாம் சாக்குன்னு எனக்கும் தெரியும். பயம்தான். திரும்பி வந்து டப்பாவை மூடினேன்.

ரெண்டு நாள் கழிச்சு அந்தக் கம்பெனி மெயில் வந்துச்சு. அடுத்த கேம் வேலை தர்றோம், ஆனா வானத்தை மட்டும் வேற இடத்துல குடுத்துக்கிறோம்னு. முதலாளி முன்னாடி நின்னு படிச்சேன். இந்தத் தடவை ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சுது.

"என்னவாம்மா?"

"வானம் சரியில்லைங்கிறாங்க சார்." பொய்யில்லை. அவ்ளோ சுத்தமான உண்மையை நான் அதுக்கு முன்னாடி அந்த ஆபீஸ்ல சொன்னதே இல்ல.

முதலாளி கெட்டவரு இல்ல. இரும்புக் கணக்குப் பார்த்துப் பழகினவரு, எந்தச் சரக்கு திரும்பி வருதோ அதை ஏத்தின ஆளைத்தான் பார்ப்பாரு. ரெண்டு தடவை அந்தப் பய வானத்துலதான் சிக்கல் வந்திருக்கு, வேலையும் கொறஞ்சு போச்சு, நின்னுக்கச் சொல்லிருவோம்னாரு. அதைக் கேட்டுக்கினு நான் நோட்டையும் பேனாவையும் கைல புடிச்சுக்கினு நின்னேன்.

"ரிலீவிங் லெட்டர் ஒண்ணு அடிச்சுக் குடும்மா. அப்படியே உனக்கு கன்ஃபர்மேஷன் லெட்டரையும் அடிச்சிரு, ரெண்டுலயும் கையெழுத்துப் போட்டுருதேன்"னாரு.

ரெண்டையும் நான்தான் டைப் பண்ணேன். அவன் வேலையைப் பத்தி ஒரு வரி வேணும், சேடிஸ்ஃபேக்டரின்னு போடுன்னாரு முதலாளி. இரும்புக் கம்பெனியில எல்லாருக்கும் அதான் போடுவாங்களாம். நான் என்ன வேணா போட்டிருக்கலாம். அந்த ஆபீஸ்ல அதைப் படிச்சுப் புரிஞ்சிக்க ஒரு ஆள் கிடையாது. அந்தப் பத்திரிகைக்காரன் எழுதின கடைசி வரியை அப்படியே அடிச்சிருந்தாலும் முதலாளி கையெழுத்துப் போட்டிருப்பாரு. நான் சேடிஸ்ஃபேக்டரின்னே அடிச்சேன். ஸ்பெல்லிங் கரெக்ட்.

அவன் லெட்டர்ல மட்டும் கையெழுத்து வாங்கிக்கினு மாடிப்படிக்கு வந்தேன். அவன் பையை மாட்டிக்கினு எறங்கத் தயாரா நின்னுக்கினு இருந்தான். கீழ தகடு இறக்கிற சத்தம். லெட்டரை நீட்டினேன். வாங்காம, "படி மேடமு, இன்னா எழுதிக் கீது"ன்னான்.

படிச்சேன். முன்ன மாதிரி கணீர்னு வரல.

"சேடிஸ்ஃபேக்டரின்னா?"

"வேலை திருப்தியா இருந்துச்சுன்னு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

வாங்கிப் பார்த்தான். மடிச்சான். மடிச்சுக்கினே, கோவமே இல்லாம, "மொத வந்த அந்த நாலு பக்கத்துல இத்த வுட நல்லா எழுதியிருந்தான் இல்ல?"ன்னான்.

"தெரியுமா உனக்கு? எப்போலேர்ந்து?"

"அன்னிக்கே. எங்க தெருவுல காலேஜ் வாத்தியாரு ஒருத்தர் கீறாரு, அவராண்ட காமிச்சேன். ரெண்டு தபா படிச்சுச் சொன்னாரு. நான் இன்னொரு தபா படிக்கச் சொல்லிக் கேட்டுக்கினேன்."

"அன்னிக்கேன்னா? அன்னிக்கு நீ வானத்தை இன்னும் அழிச்சிருக்கவே இல்லையேய்யா! ஏன்யா அழிச்ச? லூசா நீ? சார்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?" கத்தினேன் நான். அவன் மேல எனக்கு அவ்ளோ கோவம். யார் மேல கோவப்படணுமோ அவளை வுட்டுட்டு.

"சொல்லியிருந்தா இந்த லெட்டர உன் பேருக்கு நீயே அடிச்சிக்கினு இருப்ப. உங்க நைனா காலு வேற அப்பிடி கீது. வானம்தானே, அப்பால வேற ஒண்ணு போட்டுக்கலாம்னு நெனச்சேன்"னான். அப்புறம், "வரேன் மேடமு"ன்னு எறங்கிப் பூட்டான்.

நான் படியிலயே நின்னேன். உள்ளேர்ந்து முதலாளி கூப்பிட்டாரு. "ஏம்மா, ஒன் லெட்டர் எங்க? எடுத்துட்டு வா, கையெழுத்துப் போட்டுட்டு நான் கீழ போவணும்."

எடுத்துக்கினு போனேன்.